ஆட்டோவில் போட்ட மோட்டார்

“நான் போட்டா ஓடுதுங்க. அதுவாப் போட்டுக்கிட்டா ஓட மாட்டேங்குது.”

2012இல், கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், மஞ்சள் காட்டு ஓரத்து மோட்டார் ரூம் வாசலில் நின்றுகொண்டு என் பெரியப்பா மெக்கானிக்கிடம் இப்படித்தான் சொன்னார். விவசாயப் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். ஆனால் அப்போதெல்லாம் மும்முனை மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். சில நாள் பகலில், சில நாள் நடுராத்திரியில். ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் லைட்டோடு வரப்பில் நடக்க யாருக்குப் பிடிக்கும்? பாம்பு கிடக்கும். அதனால் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவிடுவார்கள். மூன்று ஃபேஸும் வந்ததா என்று பார்த்து, கொஞ்சம் பொறுத்து, அதுவே ஸ்டார்ட்டரை இழுத்துவிடும். அதற்குப் பேர் ‘ஆட்டோ’. ஆட்டோவில் போட்டுவிட்டுப் படுத்தால், விடியும்போது காடு நனைந்திருக்க வேண்டும்.

பெரியப்பாவுக்கு நனையவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். மோட்டார் தொட முடியாமல் சுடும். கிளாண்ட் கயிறு கருகின வாடை ரூம் முழுக்க நிற்கும். ஆற விட்டு, கயிறை மாற்றி, அவரே கையால் போட்டால் தண்ணீர் தளும்பிக்கொண்டு வரும். அதே மோட்டார், அதே கிணறு, அதே கரண்ட்.

மெக்கானிக் என்ன செய்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதே 2012இல், கோவையில் ஒரு நூற்பாலையின் ஆபீஸ் அறையில், பெரியப்பாவின் வாக்கியத்தை நானும் கிட்டத்தட்ட அப்படியே சொன்னேன். அதை முதலில் சொல்ல வேண்டும்.

அந்த மில்லுக்கு நான் ஒரு சின்ன மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். தொழிலாளர்களின் கூலிச் சீட்டைத் தமிழில் தயார்செய்யும். பேர், ஊர், ஷிப்ட், தொகை, அவ்வளவுதான். தமிழில் வேண்டும் என்றது முதலாளியின் ஆசை. 2010 ஜூன் 23 முதல் 27 வரை கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. கூடவே தமிழ் இணைய மாநாடும் நடந்தது. கணினித் தமிழுக்கு யூனிக்கோடைத் தரமாகத் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டதும் அதையொட்டித்தான். ஊரே தமிழ், தமிழ் என்று பேசிக்கொண்டிருந்ததில் அவருக்கும் ஒரு உற்சாகம் தொற்றிக்கொண்டது. என் நிரல் ஜாவாவில் எழுதப்பட்டது. ஆபீஸ் மேசைக்கு அடியில், தூசி பிடித்த ஒரு உபுண்டு லினக்ஸ் கணினியில், யார் கண்ணிலும் படாமல் ஓடும். ராத்திரி ஷிப்ட் முடியும் நேரத்துக்குச் சீட்டுகளுக்கான கோப்பை எழுதி வைத்துவிடும். காலையில் ஆபீஸ் பெண் வந்து அச்சடித்துக் கொடுப்பார்.

அந்த ஆண்டு கோவையில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று அப்போது இங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜெனரேட்டர் கரண்ட் மெஷின்களுக்கு. ஆபீஸ் கணினிக்கு ஒரு கிழட்டு யுபிஎஸ். அது பத்து நிமிடத்தில் மூச்சை விட்டுவிடும். கரண்ட் திரும்பியதும் கணினி தானே எழுந்து, என் நிரலையும் தானே எழுப்பிவிடும். அப்படித்தான் அமைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

காலை எட்டு மணிக்குப் போன் வந்தது. “சார், சீட்டு பூராம் கேள்விக்குறியா வருதுங்க சார்.”

பஸ் பிடித்துப் போனேன். சீட்டில் எண்கள் சரியாக இருந்தன. தொகை சரி, ஷிப்ட் எண் சரி. பேரும் ஊரும் மட்டும் கேள்விக்குறிகள். நிரலை நிறுத்திவிட்டு, டெர்மினலைத் திறந்து, கட்டளையைத் தட்டி மறுபடி ஓட்டினேன். அழகான தமிழ். ஃபாண்ட் என்றேன், பிரின்டர் என்றேன். முதலாளி வைரஸ் என்றார். இரண்டு நாள் கழித்து மறுபடி போன். போய் நான் ஓட்டினால் தமிழ். நான் இல்லாதபோது அது தானே ஓடினால் கேள்விக்குறி. “நான் ஸ்டார்ட் பண்ணினா ஓடுதேங்க” என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், தினமும் காலையில் வந்து ஸ்டார்ட் பண்ணிவிட்டுப் போயேன் என்ற யோசனை இருந்தது.

மூன்றாவது தடவை ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்து கேள்விக்குறிகளை எண்ணினேன். ஊர்ப் பத்தியில் ‘கோவை’ இருக்க வேண்டிய இடத்தில் நான்கு: ????. ‘ஈரோடு’ இடத்தில் ஐந்து. ‘பெருந்துறை’ இடத்தில் பத்து.

கோவை நமக்கு இரண்டெழுத்து. யூனிக்கோடுக்கு நான்கு: க, அதன் முன்னும் பின்னும் நிற்கும் ஓகாரக் குறி ஒன்று, வ, ஐகாரக் குறி. பெருந்துறையில் மெய்ப்புள்ளியைக்கூடத் தனியாக எண்ண வேண்டும். எண்ணினால் பத்து வரும். ஆக, யூனிக்கோடு எழுத்து ஒன்றுக்குக் கேள்விக்குறி ஒன்று, கணக்காக. இது பெரிய துப்பு. ஃபாண்ட் இல்லாமல் போயிருந்தால் கட்டங்கள் வந்திருக்கும். யூடிஎஃப்-8 என்ற பொதிமுறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் பிடிக்கும். அந்த பைட்டுகளைப் படிப்பவர் தவறாகப் படித்திருந்தால் கோவைக்குப் பன்னிரண்டு ஐரோப்பியக் கோணல் எழுத்துகள் வந்திருக்கும், தலையில் சாய்கோடு வைத்த ஏ ஒன்று அடிக்கடி தலைகாட்டும். ஒன்றுக்கொன்று கேள்விக்குறி வந்தால் பொருள் வேறு. கடைசி வாசல் வரைக்கும் எழுத்து எழுத்தாகவே வந்திருக்கிறது. கோப்பில் எழுதும் நொடியில்தான் யாரோ, ‘இந்த எழுத்து என் பட்டியலில் இல்லை’ என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, பதிலுக்கு ஒரு கேள்விக்குறியை வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்து ஜாவாவுக்கு, கோப்பை எந்த எழுத்துப் பட்டியலில் எழுத வேண்டும் என்று நிரலர் சொல்லாவிட்டால், அது தன் சூழலைக் கேட்டுக்கொள்ளும். அங்கே ‘லாங்’ என்று ஒரு பேர் இருக்கிறதா, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும். இருந்தால் அதன்படி. இல்லாவிட்டால் பழைய ஆஸ்கி, மொத்தமே 128 இடம், ஆங்கிலம் தவிர வேறொன்றும் தெரியாது. (2022இல் வந்த ஜாவா 18 முதல் யூடிஎஃப்-8தான் இயல்பு. பத்து ஆண்டு முன்னால் வந்திருந்தால் எனக்குப் பஸ் காசு மிச்சம்.)

நான் டெர்மினலில் உட்கார்ந்து ஓட்டியபோது லாங் இருந்தது. கணினி தானே எழுந்தபோது இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு, ஒரு நிரல் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும்.

யூனிக்ஸ் குடும்பத்துக் கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு ப்ராசஸ் என்று பேர். எந்த ப்ராசஸும் வெறும் வெளியிலிருந்து முளைப்பதில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று தன்னை இரண்டாகப் பிரித்துக்கொள்ளும். அதன் பேர் ஃபோர்க். பிரிந்த பிள்ளை தாயின் அச்சு. பிறகு அந்தப் பிள்ளை தன் பழைய உடலைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிய நிரலின் உடலுக்குள் போகும். அதன் பேர் எக்ஸெக். நம் சித்தர் கதைகளில் வரும் கூடு விட்டுக் கூடு பாய்தல்தான். ப்ராசஸ் எண் அதே, உடல் வேறு. பாயும்போது பழைய உடலின் நினைவு முழுதும் அழிந்துவிடும். ஆனால் கையில் ஒரு மூட்டை கொண்டுபோக அனுமதி உண்டு. ‘பேர்=மதிப்பு’ என்ற வடிவில் சில வரிகள். 1979இல் பெல் ஆய்வகம் வெளியிட்ட யூனிக்ஸின் ஏழாவது பதிப்பில் வந்த ஏற்பாடு இது. அந்த வரிகளைத்தான் என்விரான்மென்ட் வேரியபிள் என்கிறார்கள்; பாடநூல் தமிழில் சூழல் மாறி. எனக்கு அந்தப் பேரில் ஒரு மனக்குறை உண்டு. சூழல் என்றால் காற்றுமாதிரி எல்லோரையும் சுற்றி இருப்பது என்று தோன்றிவிடுகிறது. ‘கணினியில் லாங் போட்டிருக்கிறேனே’ என்று நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். காற்று அல்ல அது, கட்டுச்சோறு. கட்டிக் கொடுத்தவர் யாரோ, அவர் கட்டிக் கொடுத்தது மட்டும்தான் உள்ளே இருக்கும்.

காந்திபுரத்தில் பையன் பஸ் ஏறிவிட்டான். அப்புறம் வீட்டில் அம்மா குழம்புச் சட்டியில் உப்பு குறைவு என்று கண்டுபிடித்துப் போடுகிறாள். டிபன் பாக்ஸில் இருக்கும் குழம்புக்கு உப்பு போய்ச் சேருமா? தாய் ப்ராசஸில் பிறகு செய்யும் மாற்றம், ஏற்கெனவே பிறந்துவிட்ட பிள்ளைக்குப் போகாது. பையன் வழியில் டிபன் பாக்ஸில் ஊறுகாய் வைத்துக்கொண்டால் வீட்டுச் சட்டியில் ஊறுகாய் வராது. பிள்ளையின் மாற்றமும் தாய்க்குத் திரும்பாது. ‘கோப்பில் மாற்றிவிட்டேனே, ஏன் எடுத்துக்கொள்ளவில்லை’ என்ற புலம்பல்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இதுதான். பின்னணியில் தானே ஓடும் நிரலை, அதாவது சர்வீஸை, நிறுத்தி, மறுபடி பிறக்க வைக்க வேண்டும்.

நாம் கணினியில் லாகின் செய்யும்போது நமக்குத் தெரியாமல் ஒரு பெரிய மூட்டை கட்டப்படுகிறது. நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் எழுந்து, நம் வீட்டு அடைவில் இருக்கும் அமைப்புக் கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்து நிரப்பும். நிரல்களை எந்தெந்த அடைவில் தேட வேண்டும் என்று ‘பாத்’, வீடு எது என்று ‘ஹோம்’, மொழி எது என்று ‘லாங்’. மூன்று வருடம் முன்பு எதற்கோ நாமே எழுதிச் சேர்த்து மறந்துபோன வரிகளும் அதில் இருக்கும். டெர்மினலில் எதை ஓட்டினாலும் இந்த மூட்டை கூடவே போகும். நாம் நிரலைச் சோதிப்பதாக நினைத்துக்கொண்டு, நிரலையும் மூட்டையையும் சேர்த்துச் சோதித்துக்கொண்டிருப்போம்.

சர்வீஸுக்கு லாகின் இல்லை. கணினி எழும்போது முதலில் பிறக்கும் ப்ராசஸின் எண் 1. அது பெற்றெடுக்கும் பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுப்பது மிகவும் கொஞ்சம். என் உபுண்டுவில் அன்று எண் 1 ஆக இருந்தது அப்ஸ்டார்ட் என்ற நிரல்; அது இயல்பாகக் கொடுத்தது பாத், டெர்ம் என்ற இரண்டே இரண்டு.

பின்னணியில் ஓடும் இந்த நிரல்களுக்கு யூனிக்ஸ் உலகில் வழங்கும் பேர் டீமன். 1963 வாக்கில் எம்ஐடியின் மேக் திட்டத்தில், ஃபெர்னாண்டோ கோர்பாத்தோ குழுவினர் வைத்தது. இயற்பியலாளர் மேக்ஸ்வெல் கற்பனை செய்த ஒரு குட்டிப் பூதம் உண்டு. பெட்டியின் நடுவில் உட்கார்ந்து, வேகமான மூலக்கூறை ஒரு பக்கமும் மெதுவானதை இன்னொரு பக்கமும் ஓயாமல் பிரித்து அனுப்பிக்கொண்டிருக்கும். அதிலிருந்து வந்த பேர். இதைத் தமிழில் பேய் என்று சொன்னால் அநியாயம். கொங்கு நாட்டு ஊர் எல்லையில் ராத்திரியெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் காவல் நிற்கும் கருப்பராயன்தான் சரியான மொழிபெயர்ப்பு. கருப்பராயனுக்கு யாரும் லாகின் போட்டுக் கொடுப்பதில்லை.

கேள்விக்குறிக்குத் திரும்புவோம். லாங் தான் காரணம் என்று தெரிந்ததும், என் வீட்டு அடைவின் ஷெல் கோப்பில் அந்த வரியை எழுதினேன். அடுத்த மின்வெட்டுக்குப் பிறகு மறுபடியும் கேள்விக்குறி. அந்தக் கோப்பை நான் லாகின் செய்தால்தானே ஷெல் படிக்கும்? ராத்திரி மூன்று மணிக்கு நான் பீளமேட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

சரி என்று, கணினி எழும்போது ஓடும் ஆர்சி-லோக்கல் கோப்பிலேயே, என் நிரலை எழுப்பும் வரிக்கு மேல் லாங்கை எழுதினேன். அடுத்த மின்வெட்டு. கேள்விக்குறி.

இரண்டாவது தவறு சுவாரசியமானது. ஷெல்லில் ஒரு மாறிக்கு மதிப்பு வைத்தால் அது அந்த ஷெல்லுக்குள்ளேயே இருக்கும். பிள்ளைகளின் மூட்டையில் போக வேண்டுமென்றால் ‘எக்ஸ்போர்ட்’ என்று சொல்ல வேண்டும். திருப்பூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்கு இது உறைக்காமல் போனது வெட்கம். ஒரே மெஷினில் பின்னிய துணியானாலும் லோக்கல் சரக்கு வேறு, எக்ஸ்போர்ட் சரக்கு வேறு. பெட்டியில் ஏறுவது எக்ஸ்போர்ட் மட்டும்தான். டெர்மினலில் எனக்கு இந்தத் தொல்லை வராததற்குக் காரணம், லாகின் நேரத்திலேயே லாங்கை யாரோ எக்ஸ்போர்ட் செய்துவைத்திருந்தார்கள். ஏற்கெனவே பெட்டியில் இருக்கும் மாறியின் மதிப்பை மாற்றினால் மாற்றமும் பெட்டியோடு போகும். புதிதாக ஒன்றை வைத்தால் போகாது.

இந்தக் குடும்பத்துக் கோளாறுகளில் லாங் ஒன்றுதான். பாத் இன்னும் அதிகமாகக் கழுத்தறுக்கும். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் பல லினக்ஸ்களில் தேடுவதற்குக் கொடுப்பது இரண்டே அடைவுகள். நாம் தனியாக வேறொரு இடத்தில் நிறுவிய நிரலை அது தேடவே தேடாது. ‘அப்படி ஒரு கட்டளை இல்லை’ என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளும். நிரலின் முழு முகவரியை எழுதிவிட்டால் தீர்ந்தது. மாறி அல்லாத ஒரு பக்கத்து வீட்டுக்காரரும் உண்டு: நிற்கும் இடம். சர்வீஸ் வழக்கமாக அடைவு மரத்தின் வேரில் நின்றுகொண்டு ஓடும். ‘பக்கத்தில் இருக்கும் அந்தக் கோப்பு’ என்று நிரலில் எழுதியிருந்தால், அதன் பக்கத்தில் எதுவும் இருக்காது.

நேரத்தைச் சொல்லும் ‘டி.இசட்’ மாறியின் கோளாறு வேறு மாதிரி. வாடகைக்கு எடுக்கும் கிளவுட் கணினிகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். நமக்கும் அதற்கும் 5 மணி 30 நிமிடம். மில்லில் நள்ளிரவு 12 முதல் காலை 8 வரை ஒரு ஷிப்ட் என்று வையுங்கள். பொது நேரத்தில் தேதி மாறுவது நம் காலை 5.30க்கு. ஆகவே ஒரே ஷிப்டின் முதல் ஐந்தரை மணி நேர உற்பத்தி முந்தின நாள் கணக்கிலும், மீதி இரண்டரை மணி நேரம் அன்றைய கணக்கிலும் விழும். மாதக் கடைசியில் கூட்டினால் மொத்தம் ஏறக்குறைய சரியாக இருக்கும். தினக் கணக்கு மட்டும் உதைக்கும். எந்தக் கணக்கிலும் ஐந்தரை மணி நேரம் பிசகினால், நிரலைத் திட்டுவதற்கு முன்னால் டி.இசட்டைப் பாருங்கள்.

என்னைப்போல் மூட்டையில் ஏமாந்தவர்கள் நிறையப் பேர் என்பதற்குச் சாட்சி, யூனிக்ஸ் உலகம் இதற்குச் செய்துகொண்ட ஏற்பாடுகள். பழைய முறையில் சர்வீஸை எழுப்பும் துவக்கக் கோப்பை நிர்வாகி தன் டெர்மினலிலிருந்து நேரடியாக ஓட்டினால், சர்வீஸ் அவருடைய பிள்ளையாகப் பிறக்கும். அவர் மூட்டையோடு பிறக்கும். அன்றைக்கு ஓடும். கணினி மறுபடி எழும்போது எண் 1இன் வழியில் பிறக்கும், ஓடாது. இதைத் தவிர்க்கவே ‘சர்வீஸ்’ என்று ஒரு கட்டளை வந்தது. நிர்வாகியின் மூட்டையில் பெரும்பகுதியைப் பிடுங்கி வைத்துவிட்டு, வேர் அடைவில் நிற்க வைத்து, அதற்கப்புறம்தான் துவக்கக் கோப்பை ஓட்டும். 2010இல் லெனார்ட் பாட்டரிங்கும் கே சீவர்ஸும் தொடங்கிய சிஸ்டம்-டி இன்னும் ஒரு படி போனது. அதில் நிர்வாகி கட்டளை தட்டினாலும் அவர் எதையும் பெற்றெடுப்பதில்லை. எண் 1க்கு ஒரு தகவல் போகிறது, எண் 1தான் பெற்றெடுக்கிறது. யார் எழுப்பினாலும் தாய் ஒருத்திதான். 2015இல் டெபியன் 8, உபுண்டு 15.04 இரண்டும் இதற்கு மாறின. சிஸ்டம்-டியை வைது தீர்ப்பவர்களை எனக்குத் தெரியும். இந்த ஒரு விஷயத்துக்காக நான் அதன் பக்கம்.

விண்டோஸில் கதை சற்று வேறு. அங்கே சர்வீஸ்களையெல்லாம் பெறும் தாய் ப்ராசஸ் ஒன்று உண்டு. கணினி எழும்போது பொதுவான சூழல் மாறிகளை ரெஜிஸ்ட்ரியிலிருந்து ஒரு தடவை வாங்கிக்கொள்ளும். அப்புறம் நாம் அமைப்புத் திரையில் ஒரு மாறியைச் சேர்த்தால், புதிதாகத் திறக்கும் சன்னல்களுக்குத் தெரியும். அந்தத் தாய்க்குத் தெரியாது. சர்வீஸை மட்டும் எத்தனை தடவை நிறுத்தி எழுப்பினாலும் பழைய சோறுதான். கணினியையே அணைத்து எழுப்ப வேண்டும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க என்ற உலகப் பொது வைத்தியம், காரண காரியத்தோடு பொருந்தும் அபூர்வமான இடம் இது.

இனி மெக்கானிக்.

அவர் மோட்டாரைத் திறக்கவில்லை. மீட்டர் வைத்து ஃபேஸ் பார்த்தார், சரி. பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னார்: “ஏனுங்க, நீங்க கையக் கட்டிக்கிட்டு அப்படி நில்லுங்க. எதையும் தொடாதீங்க. ஆட்டோவே போடட்டும்.” பகல் கரண்ட் வந்த நேரம். ஆட்டோப் பெட்டியில் விளக்கு எரிந்தது. அது ஸ்டார்ட்டரை இழுப்பதற்குள், பெரியப்பாவின் வலது கை கட்டிலிருந்து பிரிந்து மூலையிலிருந்த பிளாஸ்டிக் குடத்தைப் பார்த்துப் போனது. மெக்கானிக் சிரித்தார். “அது எதுக்குங்க?”

“அது எப்பவும் ஊத்தறதுதானுங்க?”

கிணற்றுக்குள் இருக்கும் ஃபுட் வால்வு சரியாக மூடாமல் ஒழுகிக்கொண்டிருந்தது. மோட்டார் நின்ற கொஞ்ச நேரத்தில் குழாயிலிருந்த தண்ணீரெல்லாம் கிணற்றுக்கே இறங்கி, பம்புக்குள் காற்று ஏறிவிடும். காற்றை வைத்துக்கொண்டு பம்பு தண்ணீரை உறிஞ்சாது. பெரியப்பா எத்தனையோ மாதமாக ஒவ்வொரு தடவையும் புனல் வழியாக இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டுக்கொண்டிருந்தார். அதை ஒரு வேலையாகவே அவர் நினைக்கவில்லை. கேட்டிருந்தால் ‘சும்மா சுவிட்சைப் போடுவேனுங்க’ என்றுதான் சொல்லியிருப்பார். ஆட்டோப் பெட்டிக்கு யார் குடத்தைக் கொடுத்தது?

கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் இந்தச் சோதனை கணினியிலும் உண்டு. ‘என்வ்’ என்று ஒரு கட்டளை. அதற்கு ‘ஐ’ என்ற குறியைச் சேர்த்து, பின்னால் நம் நிரலின் முழு முகவரியை எழுதினால், மூட்டையை முழுக்கக் காலி செய்துவிட்டு அதை ஓட்டும். சர்வீஸாக ஓடும்போது வரும் கோளாறு பெரும்பாலும் அப்போதே, பகல் வெளிச்சத்தில், நம் கண்ணெதிரில் வந்துவிடும். பிறகு பாத்தைச் சேர்த்து ஓட்டு, லாங்கைச் சேர்த்து ஓட்டு. எதைச் சேர்த்ததும் சரியாகிறதோ அதுதான் குடம். ராத்திரி மின்வெட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 2012இல் எனக்கு இந்தக் கட்டளை தெரியும். இதற்குப் பயன்படும் என்றுதான் தெரியாது.

ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸின் மூட்டையை நேரில் பிரித்தும் பார்க்கலாம். லினக்ஸில் ‘ப்ராக்’ என்ற அடைவுக்குள் ஒவ்வொரு ப்ராசஸ் எண்ணுக்கும் ஓர் அறை இருக்கும்; அதற்குள் ‘என்விரான்’ என்று ஒரு கோப்பு. வரிகளெல்லாம் இடைவெளியில்லாமல் ஒட்டிக்கொண்டு தெரியும், ஏனென்றால் அவற்றைப் பிரிப்பது கண்ணுக்குத் தெரியாத சுழிய பைட். அதைப் புதுவரியாக மாற்றிக்கொண்டால் படிக்கலாம். ஒன்றை மறக்கக் கூடாது: அது பிறந்த நேரத்து மூட்டை. ஓடும்போது நிரல் தனக்குள் மாற்றிக்கொண்டது பொதுவாக அதில் தெரியாது. நமக்கு வேண்டியதும் பிறந்த நேரத்து மூட்டைதான்.

சிஸ்டம்-டியில் ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு யூனிட் கோப்பு உண்டு. மாறிகளை அதிலேயே எழுதலாம், அல்லது தனிக் கோப்பில் எழுதி வைத்துவிட்டு, அதைப் படி என்று சொல்லலாம். ஷெல்லில் பழகிய கை இங்கே சறுக்கும், ஏனென்றால் அந்தத் தனிக் கோப்பைப் படிப்பது ஷெல் அல்ல. எக்ஸ்போர்ட் என்று வரியைத் தொடங்கினால் அந்த வரியையே தள்ளிவிட்டு, பதிவேட்டில் ஒரு முணுமுணுப்போடு விட்டுவிடும். மில்லில் என்னைக் காப்பாற்றிய சொல் இங்கே ஆளைக் கவிழ்க்கும். டாலர் குறி போட்டு வேறொரு மாறியின் மதிப்பை இழுக்க நினைத்தால் டாலர் குறியே மதிப்பாக நிற்கும். மதிப்புக்குப் பின்னால் அதே வரியில் # போட்டுக் குறிப்பு எழுதினால் குறிப்பும் மதிப்பாகிவிடும். யூனிட் கோப்பை மாற்றினால் ‘டீமன்-ரீலோட்’ சொல்லிவிட்டுத்தான் சர்வீஸை மறுபடி எழுப்ப வேண்டும். தனிக் கோப்பை மட்டும் மாற்றினால் எழுப்பினாலே போதும்.

மூட்டைக்குள் பாஸ்வேர்டு வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கிறார்கள், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அந்த ப்ராசஸ் பெறும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் அது போய்ச் சேரும். நிரல் விழும்போது மொத்த மூட்டையையும் பதிவேட்டில் கொட்டிவிட்டு விழும் வழக்கமும் சிலவற்றுக்கு உண்டு. மூட்டையில் யார் என்ன வைக்கிறார்கள் என்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஷெல்ஷாக் இருக்கிறது. பாஷ் என்ற ஷெல்லில் 1989இலிருந்து யாரும் பார்க்காமல் கிடந்த ஓட்டை. 2014 செப்டம்பரில் ஸ்டெஃபான் ஷாஸ்லா கண்டுபிடித்தார். ஒரு சூழல் மாறியின் மதிப்பு குறிப்பிட்ட வடிவத்தில் இருந்தால், அதற்குப் பின்னால் ஒட்டியிருக்கும் கட்டளையையும் பாஷ் பிறந்தவுடன் ஓட்டிவிடும். அக்காலத்து இணைய வழங்கிகள் பல, வெளியாள் அனுப்பும் செய்தியின் தலைப்பு வரிகளை அப்படியே சூழல் மாறியாக்கிப் பிள்ளை கையில் கொடுத்துக்கொண்டிருந்தன. வழிப்போக்கன் கொடுத்ததைப் பிரித்துப் பார்க்காமல் கட்டுச்சோற்றில் சேர்த்த கதை.

லாங் கோளாறு தீர்ந்துபோன பழங்கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எண் 1 ஆன சிஸ்டம்-டி, கணினியின் மொழி அமைப்பைத் தானே படித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறது. பிறகு டாக்கர் வந்தது. எல்லாவற்றையும் பெட்டிக்குள் அடைத்து அனுப்பும் அந்த முறையில், அடிப்படைப் பெட்டிகள் பலவற்றில் லாங் இல்லவே இல்லை. சில வருடம் முன்பு ஒரு இளைஞர், தமிழ் பில்லில் கேள்விக்குறி வருவதாகச் சொன்னார். “எத்தனை?” என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை.

மில்லுக்குக் கடைசியாக ஒரு தடவை போய் வருவோம். எக்ஸ்போர்ட் என்ற சொல்லைச் சேர்த்துவிட்டு, கணினியை ஒருமுறை அணைத்து எழுப்பிப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். சம்பளக் கணக்கு ஓடுகிறது, ஒரு நிமிடம்கூட அணைக்கக் கூடாது என்றார் முதலாளி. மேசைக்கு அடியில் குனிந்தபடியே, சரிங்க, காத்திருக்கிறேன் என்றேன்.

அரை மணி நேரத்தில் கரண்ட் போனது. யுபிஎஸ் கீச்சிட்டுக்கொண்டே இருந்து அடங்கியது. ஆபீஸ் பெண் ஜன்னலைத் திறந்துவிட்டார். டீ வந்தது. மூன்று மணி நேரம் கழித்து மின்விசிறி சுற்றத் தொடங்கி, கணினியில் பச்சை விளக்கு எரிந்தது. நான் விசைப்பலகையைத் தொடவில்லை, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆபீஸ் பெண் தன் கணினியில் கோப்பைத் திறந்து, ஊர்ப் பத்தியில் விரலை வைத்து மேலிருந்து கீழாக வாசித்தார்.

“கோவை. கோவை. ஈரோடு. பெருந்துறை. வந்துருச்சுங்க சார்.”